வீங்காத கை

அவருக்கு முகம் நினைவில் நிற்காது. கைதான் நிற்கும்.

ஒருநாள் திருப்பாலைவனத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். கருவாட்டுக் கூடையை இறக்கி வைத்த ஒரு பெண், "இன்னா பாய், நல்லா கீறியா? என்னைத் தெரியல?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. "கையைக் காட்டும்மா" என்றார். அவள் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். முன்கையின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"அட, நீயா! பதினாலு. உன் தம்பி பதினெட்டு. நைனாவுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

"நைனா நல்லாத்தான் கீறாரு. ஏன் பாய், வூட்டுல உன் பீவியையும் கையைத் தடவிப் பாத்துட்டுத்தான் சோறு கேப்பியா?"

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அவங்களுது பதினொண்ணு" என்றார்.

அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. பழவேற்காட்டில் எல்லாரும் 'ஊசி பாய்' என்றுதான் சொன்னார்கள். அவருடைய பாட்டனார் காலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமாகக் கப்பல் இருந்ததாம். இவரிடம் இருந்தது ஒரு பிளாஸ்க், ஒரு அலுமினியப் பெட்டி, ஒரு பால்பாயின்ட் பேனா, ஒளி ஊடுருவும் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேல். காசநோய்ப் பிரிவில் ஊசி போட்டுக் கை பார்க்கும் உத்தியோகம்.

நான் எழுபத்தாறில் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். எட்டாவது பாதியில் நின்றவன். செங்கல் சூளை, லாரி, உப்பளம் என்று பல ஊர் சுற்றிவிட்டு, பழவேற்காட்டில் எறால் கம்பெனி ஒன்றில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். பாய் தினமும் காலையில் பிளாஸ்க்கோடு வந்து ஐஸ் கேட்பார். மருந்துப் புட்டிமேல் சூடு படக்கூடாது, வெளிச்சமும் படக்கூடாது. மேஸ்திரி அவரை விடமாட்டார்: "இன்னா பாய், எறாலுக்கா ஊசி போடப்போற? எறால் லொக்குலொக்குன்னு இரும்பினா சொல்லு, நாங்களும் கேக்கறோம்." பாய் பிளாஸ்க்கைத் திறந்து நீட்டியபடி நிற்பார். ஐஸ் கிடைக்கும் வரை நகரமாட்டார். அவருடைய படகுக்காரன் வேலையை விட்டதும் என்னைக் கூப்பிட்டார். ஏரியில் கழி ஊன்ற ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். எங்கும் ஒரு வருஷம் தங்காதவன் அவரோடு பன்னிரண்டு வருஷம் இருந்தேன். என்னை 'ஊர்சுத்தி' என்றுதான் கடைசிவரை கூப்பிட்டார்.

அவர் வேலை இதுதான். இடது முன்கையில், தோலுக்குள்ளேயே, ஒரு சொட்டு மருந்தைப் போடுவார். அது செத்துப்போன காசக் கிருமியிலிருந்து எடுத்த சத்து. கொசு கடித்த மாதிரி ஒரு தடிப்பு வந்து, அரைமணியில் மறைந்துவிடும். மூன்றாம் நாள் போய் அதே இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சிவந்திருப்பது கணக்கில்லை, கெட்டியாக வீங்கியிருக்கிறதா என்பதுதான் கணக்கு. பாய் கண்ணை மூடிக்கொண்டுதான் தொடுவார். பேனாவை ஒரு பக்கத்திலிருந்து தோலின்மேல் இழுத்துவருவார், கெட்டியான இடத்தில் முனை முட்டும், நிறுத்துவார். மறுபக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஸ்கேலை வைப்பார். எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணைச் சொல்வார். நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

அவர் சொல்லாததைக் குப்பத்துக்காரர்கள் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். வீங்கினால் உள்ளே காசம் இருக்கிறது. வீங்காவிட்டால் உடம்பு சுத்தம். இப்படி யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நான் வந்தபோதே அது வழக்கமாகியிருந்தது. பெண் கொடுக்க, பெண் எடுக்க, ஜாதகம் பார்க்கிறார்களோ இல்லையோ, "கை பாத்தாச்சா?" என்ற கேள்வி வரும். பாய்க்கு அது பிடிக்காது.

"வீங்கினா சீக்குன்னு எவன் சொன்னான்? கிருமி எப்பவோ உள்ள வந்திருக்கு. உடம்பு அதை ஞாபகம் வெச்சிருக்கு. பாத்ததும் அடையாளம் கண்டு எழுந்து வருது, அவ்ளோதான். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு வீங்கும். என் கைகூடத்தான் வீங்குது, நான் செத்தா போயிட்டேன்?"

"உனுக்கு வீங்கலாம் பாய்," என்பார்கள். "உனுக்கு யாரு பொண்ணு குடுக்கப்போறா?"

ஒருமுறை கடலோரக் குப்பம் ஒன்றில், ஊசி போட்ட மூன்றாம் நாள், மாப்பிள்ளை வீட்டார் வாசலில் உட்கார்ந்திருக்க, பெண் உள்ளே இருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று ஓலைக் கதவின் சந்து வழியாகக் கையை மட்டும் நீட்டினார்கள். பாய் கண்ணை மூடித் தொட்டார். உடனே விட்டுவிட்டார்.

"இது மூத்தவ கை. சின்னவளைக் கூப்பிடு."

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்த சத்தம். பெண்ணின் தாய், "இன்னா பாய் பேசற, என் பொண்ணு கை எனுக்குத் தெரியாதா?" என்று சண்டைக்கு வந்தாள். பாய் அமைதியாக, "மூத்தவளுக்கு அஞ்சு வருஷம் முந்தி நான்தான் போட்டேன். மணிக்கட்டுக்கு மேல நாலு விரல், நண்டு கிழிச்ச தழும்பு" என்றார். மாப்பிள்ளையின் மாமன் சிரித்துச் சிரித்து இருமவே ஆரம்பித்துவிட்டான். பாய் அவன் பக்கம் திரும்பி, "நீயும் கையைக் கொடு" என்றார். சிரிப்பு நின்றது.

எல்லாமே இப்படி வேடிக்கை இல்லை. ஒரு புயல் வருஷத்தில், வலையும் படகும் போய், குப்பமே கஞ்சிக்கு நின்றது. தாய்க்குக் காசம் என்று தெரிந்த ஒரு வீட்டில் மூன்று வயசுக் குழந்தைக்கு ஊசி போட்டோம். மூன்றாம் நாள் கை மொழுமொழுவென்று இருந்தது. சுற்றி நின்ற பெண்கள், கொழந்தை தப்பிச்சுது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாய் எண்ணைச் சொல்லாமலே எழுந்து வந்தார். படகில் ஏறியதும் சொன்னார்: "வீங்கின கையைப் பாத்து நான் பயந்ததே இல்ல ஊர்சுத்தி. இந்தக் கை பயமா இருக்கு. கிருமி உள்ள இருக்கு, எழுந்து வர ஆளில்ல. பட்டினி எல்லாத்தையும் தின்னுடுச்சு." அந்த வாரமே குழந்தை இறந்துபோனது. நான் கேட்டுக்கொண்டேன், மறந்தும்போனேன். பல ஊரில் பல சாவு பார்த்தவன். மறக்காமல் இருந்திருந்தால் ஏழுமலை விஷயத்தில் அப்படி நடந்திருக்க மாட்டேன்.

ஏழுமலை ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். அங்கே ஏரியை 'பாடு' முறையில் பங்கிட்டுக்கொள்வார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் எறால் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர்கூடிச் சீட்டுப் போடுவார்கள். சீட்டில் பேர் சேர ஒரு நிபந்தனை, கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஆகாத ஆண்பிள்ளைக்குப் பாடு கிடையாது, அவன் அடுத்தவன் வலையில் கூலிதான். அப்பன் இல்லாத ஏழுமலைக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அவன் எறால் லாரியில் ஏறிப் போனான். நெல்லூர், விசாகப்பட்டினம், அதற்கு மேலும். எட்டு வருஷம் கழித்து எண்பதுகளின் கடைசியில் திரும்பி வந்தான். கையில் கொஞ்சம் சேர்த்திருந்தான், ஆனால் உடம்பு பாதியாக இருந்தது. ரோட்டுச் சோறு என்றார்கள். இரண்டு மாதமாக ஜுரம் விட்டு விட்டு வந்தது, இருமலும் இருந்தது.

அதே குப்பத்தில் அஞ்சலை என்ற பெண்ணைப் பேசினார்கள். ஏழுமலைக்கும் அவளுக்கும் முன்பே மனசு ஒத்துப்போயிருந்தது. அஞ்சலையின் நைனாதான் ஒரு வார்த்தை வைத்தார்: "பையன் இரும்பறான். பாய் கை பாக்கட்டும். வீங்கலன்னா அடுத்த முகூர்த்தம். சீட்டுக்கு முன்ன கண்ணாலம் முடிஞ்சா இந்த வருசமே பாடு."

பாய் மாட்டேன் என்றார். பிறகு இருமலைக் கேட்டதும் பெட்டியைத் திறந்தார். ஏழுமலை சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். பாய் பழக்கமாகத் தடவினார், உடனே முகம் மலர்ந்தது. "டேய், நீ அந்தக் கொப்புளக்காரனா! பள்ளிக்கூடத்துல போட்டேன். இருபத்தி ரெண்டு வந்து, நடுவுல கொப்புளம் வெடிச்சு, ஒரு வாரம் அழுதியே!"

"அந்தக் கைதான் பாய். இன்னும் தழும்பு கீது பாரு."

மூன்றாம் நாள் போனோம். ஏழுமலையின் தாயும் அஞ்சலையின் நைனாவும் நின்றார்கள். பாய் கண்ணை மூடித் தொட்டார். வெகுநேரம் தொட்டார். பேனாவை இழுத்தார். அது எங்கும் முட்டாமல், கண்ணாடிமேல் போவதுபோல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி இழுத்தார். அதே கதை.

"சைபர்" என்றார். அவர் குரல் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

அவர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது நான்தான் எழுந்து சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நல்ல சேதியை முதலில் சொல்கிற ஆசை, வேறொன்றுமில்லை. "கை மொழுமொழுன்னு கீது பெரியவரே! போய்ப் பந்தல் போடுங்க!" அஞ்சலையின் நைனா என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஏழுமலையின் தாய் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பாய் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நடு ஏரியில் கழியை நிறுத்தச் சொன்னார். "இருபத்தி ரெண்டு எப்படி சைபர் ஆகும்?" என்று கேட்டார்.

"பழைய கதை பாய். ஒடம்பு மறந்திருக்கும்."

"இந்த ஒடம்பு மறக்காதுய்யா. அம்மை போட்டா கொஞ்ச நாள் வீங்காது, போட்டிருக்கா? இல்ல. பட்டினியா? லாரிக்காரன், தின்னிருக்கான். அப்ப மருந்து கெட்டிருக்கணும்." அங்கேயே பிளாஸ்க்கைத் திறந்து, அதே புட்டியிலிருந்து தன் கையில் ஒரு சொட்டுப் போட்டுக்கொண்டார். "உன் கையைக் கொடு" என்றார். எனக்கும் போட்டார்.

மூன்றாம் நாள் அவர் கையில் பதினாறு. என் கையில் பதிமூன்று, அரிப்பு தாங்கவில்லை. அவர் தன் வீக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மருந்து சரி. ஊசி சரி" என்றார். அப்போதே ஏழுமலையிடம் சளி வாங்கக் கிளம்பினார்.

சளியைச் சோதித்தார்கள், கிருமி தெரியவில்லை. ஊருக்கு அது இன்னும் சந்தோஷம். பாய் லீவு போட்டுவிட்டு, ஏழுமலையை மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நானும் போனேன். ஒரு இளவயசு டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காசம் இருந்தது, ஆனால் வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லை, வழக்கமான மாதிரியும் இல்லை. பாய் கையைக் காட்டி இருபத்திரண்டையும் சைபரையும் சொன்னார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். ரத்தம் எடுத்தார். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்தப் பத்தாம் நாளை நான் இன்றுவரை ஜீரணிக்கவில்லை. டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, ஏழுமலையை உட்காரவைத்து, பாய் கூட இருக்கலாமா என்று அவனிடமே கேட்டுவிட்டுத்தான் சொன்னார். எச்.ஐ.வி. என்ற பேரையே நாங்கள் அன்றுதான் கேட்டோம். நாட்டுக்கே புதுசு. மருந்து இல்லை. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். வெளியே வந்த ஏழுமலை என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடது கையையே தடவிக்கொண்டிருந்தான். லாரி, வழியில் ஒரு விபத்து, ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் ஏற்றின ரத்தம், தனியாகக் கிடந்த எட்டு வருஷம். எதிலிருந்து வந்தது என்று பாய் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

டாக்டர் விளக்கினதை பாய் எனக்குப் பஸ்ஸில் சொன்னார். ரத்தத்தில் 'டி செல்' என்று ஒரு ஜாதி அணு இருக்கிறதாம். காசக் கிருமியை ஒருமுறை பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. கிருமியின் வாசனை பட்டதும் அதுதான் கத்திக் கூப்பிடும். கூட்டம் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். நாம் தொட்டுப் பார்க்கிற வீக்கம் அந்தக் கூட்டம்தான். "இந்தப் புதுக் கிருமி நேரா போய் அந்தக் கூப்பிடறவனையே கொல்லுதாம். அப்புறம் காசம் வந்தா என்ன, வேற எது வந்தா என்ன, ஊருக்குள்ள வந்து குடியிருக்கலாம். குரல் கொடுக்க ஒருத்தன் இல்ல." கொஞ்சநேரம் கழித்து, "நாம சுத்தம்னு சொன்ன கை காலியா கிடந்த கைடா" என்றார். 'நாம' என்று அவர் சொன்னது பெருந்தன்மை. சொன்னது நான்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. பாடுச் சீட்டு அதற்கும் ஒரு வாரம் பிந்தி.

அன்று படகில் ஏழுமலை வாயைத் திறந்தான். "பாய், நீ சொல்லிடுவியா?"

"உன் ஒடம்பு. சொல்ல எனக்கு உரிமை இல்ல."

"எட்டு வருசம் ரோட்டுல கெடந்தேன் பாய். ஒரு பாடு. என் பேருல ஒரே ஒரு பாடு. கண்ணாலம் இல்லன்னா அதுவும் இல்ல."

"தெரியும்."

"ஒரு வருசமாவது என் வலையை நான் கட்டினு செத்துப்போறேனே."

பாய் தண்ணீரையே பார்த்தார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் ஏழுமல. ஆனா அந்தப் பொண்ணுக்குத் தெரியாம நீ தாலியை எடுத்தா, நான் வந்து உன் கையைப் புடிப்பேன். எதுக்குன்னு கேப்பாங்க. அப்ப நீதான் சொல்லணும்."

டாக்டர் எழுதிக் கொடுத்த காச மருந்தை பாய் தினமும் படகில் போய் அவனுக்குப் போட்டார். நான் கழி ஊன்றினேன். அவன் தொட்ட படகு விளிம்பை நான் தொடாமல் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பாய் பார்த்தார். அவன் குடித்து மீதி வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவன் அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் கோயில் எதிரில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். புதுசாகப் பாடு சேருகிறவர்களின் பேரைத் தலைவர் படித்தார். ஏழுமலை பேர் வந்ததும் அவன் எழுந்து, "என் பேரை எடுத்துடுங்க. எனுக்குக் கண்ணாலம் வேணாம்" என்றான்.

கூச்சல் எழுந்தது. அஞ்சலையின் நைனா அவன் சட்டையைப் பிடித்தார். "இன்னா வெளையாடறியா? ஊருக்கு முன்ன பேசி, பந்தக்கால் நட்டு..." பிறகு திரும்பி, ஓரத்தில் நின்ற பாயைப் பார்த்தார். "பாய், நீ இவனை மெட்ராசு கூட்டினு போனே. அப்பலேந்து இப்படி கீறான். அல்லாருக்கும் முன்ன சொல்லு. இவன் கை எவ்ளோ?"

பாய்க்குக் கையைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாது. "சைபர்" என்றார்.

"கேட்டுக்கங்கப்பா! சைபர்! கை சுத்தம்! அப்புறம் இன்னாடா உனுக்கு நோவு?"

நான் அவரைப் பார்த்தேன். அத்தனை வருஷம் எண்ணை மட்டும் சொல்லிவந்த மனுஷன், தன் எண்ணே தன்னை அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் வாய் திறந்தது. ஏழுமலை முந்திக்கொண்டான்.

"என் ரத்தத்துல சீக்கு கீது. மருந்தில்லாத சீக்கு. மெட்ராசுல பாத்துட்டாங்க. கட்டினா அவளுக்கும் வரும்."

நான் சண்டை பார்த்திருக்கிறேன், கத்திக்குத்து பார்த்திருக்கிறேன். ஒரு ஊரே ஒருவனைவிட்டு அப்படி விலகிப் பார்த்ததில்லை. சட்டையைப் பிடித்திருந்த கை விட்டது. ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். அவனைச் சுற்றி மணல் மட்டும் இருந்தது.

அந்த மணலில் அஞ்சலை நடந்து வந்தாள். பெண்கள் கூட்டத்துக்குள் வருகிற வழக்கம் அங்கே இல்லை. அவள் ஏழுமலையைப் பார்க்கவில்லை. நேராகப் பாயிடம் வந்து, இடது கையை நீட்டினாள்.

"என் கையையும் பாரு பாய்" என்றாள்.

அது எல்லாருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முதலில் அவள் தாய்க்குப் புரிந்தது. "தாலி ஏறுறதுக்கு முன்னயாடி!" என்று ஓடிவந்து கன்னத்தில் அறைந்தாள். அஞ்சலை கையை மடக்கவில்லை. நான் பாயைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதே இடத்தில், மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொல்லி, பெட்டியைத் திறந்தார். புட்டியை எடுத்தார். அவள் கையிலும் ஒரு சொட்டுப் போட்டார்.

மூன்றாம் நாள் போனபோது குப்பத்தில் ஒரு படகும் ஏரிக்குப் போயிருக்கவில்லை. அஞ்சலை வீட்டு வாசலில் காத்திருந்தார்கள். ஏழுமலை கூட்டத்துக்கு வரவில்லை. தூரத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் நின்றான். யாரும் அவன் இருந்த பக்கம் திரும்பவில்லை.

பாய் கண்ணை மூடினார். பேனா நகர்ந்தது. முட்டியது. மறுபக்கத்திலிருந்து நகர்ந்தது. முட்டியது. கோடுகளுக்கு நடுவில் தோல் கல்போல மேடாகச் சிவந்திருந்தது.

"பதினேழு" என்றார்.

அஞ்சலையின் தாய் மார்பில் அடித்துக்கொண்டு மண்ணில் விழுந்தாள். "வீங்கிடுச்சே! என் பொண்ணுக்கு வந்துடுச்சே!" மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சாவு வீட்டு ஓலம். அஞ்சலையின் நைனா கண்ணைத் துடைக்காமல் மகளின் கையையே பார்த்தார். வருஷக்கணக்காக அவர்கள் நம்பியது அந்தக் கையில் தெளிவாக எழுதியிருந்தது.

"அழாதீங்க!" என்று பாய் கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் அன்றுதான் கேட்டேன். "இது நல்லது! வீங்கினாதான் நல்லது! உள்ள ஆளிருக்கு, எழுந்து வந்திருக்கு!" யார் கேட்டார்கள்? ஒருத்தி, "போ பாய், நீயும் உன் ஊசியும்" என்று மண்ணை வாரி எங்கள் பக்கம் எறிந்தாள். பாய் அஞ்சலையிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இது இன்னிக்குக் கைதாம்மா. புதுசா வந்திருந்தா இதுல தெரியாது. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கணும், அதுக்கப்புறம் இன்னொரு தடவை. நான் கூட்டிட்டுப் போறேன். ஆனா இன்னிக்கு இது நல்ல கை." அவள் தலையசைத்தாள். அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் படகை நோக்கி நடந்தோம். ஏழுமலை தூரத்தில் அப்படியே நின்றிருந்தான். ஓலம் அவனுக்கும் கேட்டிருக்கும். கையை உயர்த்தி, என்ன என்று கேட்பதுபோல் விரித்தான்.

பாய் நின்றார். அலைச் சத்தத்தில் சொன்னால் கேட்காது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரித்துக் காட்டினார்.

வீங்கின கைக்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் சொன்னபோது கூட இருந்த ஏழுமலை, அதைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.